எந்த நெத்திலியும் அப்படித்தான்

அந்த லேபிளை எழுதியது நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ஊட்டச்சத்து படித்துப் பட்டமும் வாங்கியவள். அம்மாவின் மகளிர் குழு நெத்திலிக் கருவாட்டைப் பாக்கெட்டில் போட்டு விற்பது என்று முடிவெடுத்தபோது, எவ்வளவு உப்பு, எத்தனை வெயில் என்பதையெல்லாம் ஆறு பெண்களும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். எழுத்து வேலை மட்டும் என்னிடம் வந்தது. "அத எம்பொண்ணு பாத்துக்கும்" என்றாள் அம்மா. அப்படி ஒருவர் நம்பிச் சொல்வதைக் கேட்பதற்காகவே இன்னொரு பட்டம்கூடப் படிக்கலாம்.

எங்கள் குப்பம் திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையை ஒட்டி இருக்கிறது. காசிமேட்டு மீன் ஏலத்தில் எடுத்து வந்த நெத்திலி, சவுக்குக் கம்புகளில் இழுத்துக் கட்டிய வலையின் மேல் காயும். லாரிப் புழுதி படாமல் இருக்க மேலே கொசுவலை. கொசுவலை என் யோசனை. அது நல்ல யோசனை. பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய எழுத்தில் "லோ கார்ப் நெத்திலி" என்று போட்டதும் என் யோசனைதான்.

மாவுச்சத்து குறைவு என்று அர்த்தம். அதில் பொய் எதுவும் இல்லை. மீனில் மாவுச்சத்து என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. பெரிய கடைகளில் மாவு, பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாம் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அடுக்கில் நிற்பதைப் பார்த்திருந்தேன். அவற்றில் பாதி அந்தப் பெயருக்குத் தகுதியானவையா என்றே எனக்குச் சந்தேகம். எங்கள் நெத்திலிக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லையே, பிறகென்ன? சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்ததும் காரை ஓரங்கட்டினார்கள். பாக்கெட் நன்றாகவே போனது.

சாலையோரம் நாங்கள் பாக்கெட் விற்கும் கடையிலிருந்து பத்தடி தள்ளி அத்தை உட்கார்ந்திருப்பாள். ரத்த உறவு இல்லை. அம்மாவோடு ஒரே ஷேர் ஆட்டோவில் பல வருடம் காசிமேட்டுக்குப் போய்வந்த பழக்கத்தில் எனக்கு அத்தை. குழுவில் சேரச் சொன்னபோது, "மீட்டிங்கு, சைனுன்னு என்னால பேஜார் பட முடியாது" என்று விலகிக்கொண்டவள். கோணியை விரித்து, நெத்திலியைக் குவித்து, தராசில் நிறுத்து, எங்கள் பாக்கெட்டைவிடக் கொஞ்சம் குறைந்த விலைக்கு விற்பாள். பல நாள் அம்மாவும் அவளும் ஏலத்தில் ஒரே கூடையை எடுத்து, பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். நான் கல்லூரியில் சேர்ந்த வாரம், வரிசையில் நிற்கும் டிரைவர்களிடமெல்லாம், "எங்க வூட்டுப் பொண்ணு காலேஜ் போவுது, தெரியுமா?" என்று சொன்ன பிறகுதான் எடையே போட்டாள்.

பாக்கெட் வந்த பிறகு அவளிடம் நின்றவர்கள் எங்கள் பக்கம் கைகாட்டி, "இதுவும் லோ கார்ப்பா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "இது நெத்திலி" என்பாள் அத்தை. அவர்கள் எங்களிடம் வந்துவிடுவார்கள். அதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். படித்ததற்குப் பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"இன்னாமே, அந்தக் கார்ப்பு மருந்து எங்க வாங்குறீங்க? எனக்கும் ஒரு பாட்டில் வாங்கியாயேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மருந்தெல்லாம் ஒண்ணுமில்ல அத்தே. நெத்திலியே அப்டித்தான்."

"ஒண்ணுமே போடல?"

"உப்பு மட்டும்தான்."

"நானும் உப்புதான போட்றேன். அப்போ என்னுது?"

"உன்னுதும் அப்டித்தான்."

அத்தை ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பெரிய எழுத்தின் மேல் விரலை வைத்துக் கேட்டாள். "அப்போ உன்னுதுல மட்டும் ஏன்டி எழுதிகீறே?"

"எல்லாக் கம்பெனியும் போட்றாங்க அத்தே."

"கம்பெனி போடட்டும். கம்பெனி இன்னா எம்பக்கத்துலயா வந்து குந்திகினு கீது?"

பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று சாயங்காலம் அம்மாதான் சொன்னாள்: வரும் ஒன்றாம் தேதியிலிருந்து அத்தை கன்டெய்னர் யார்டில் பெருக்கும் வேலைக்குப் போகப் போகிறாளாம். மேஸ்திரியிடம் பேசியாகிவிட்டதாம். "அந்த முட்டிய வெச்சிகினு ஷிப்டு பாக்கப் போறாளாம். இன்னாத்த சொல்றது?"

அம்மா என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். அதற்கு வழியில்லாததால் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரசாங்கம் லேபிள்களுக்கு வைத்திருக்கும் விதிகளில் என் பக்கம் நியாயம் இருக்கும், அதை அத்தையிடம் படித்துக் காட்டலாம் என்பதுதான் என் எண்ணம். ஆங்கிலத்தில் நீண்டுகொண்டே போன அந்த விதிகளில் ஓர் இடத்தை மூன்று முறை படித்தேன். ஓர் உணவு இயல்பிலேயே ஒரு சத்தில் குறைவாக இருந்தால், உன் பொருள் மட்டும் அப்படி என்று தோன்றும்படி எழுதக் கூடாது. அந்த வகை உணவே அப்படி என்றுதான் சொல்ல வேண்டும். அத்தை விரல் வைத்துக் கேட்டது இதைத்தான்.

இந்த வரியை எழுதியவர்கள் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். எங்கள் சாலையோரக் கோணியை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அதில் உட்கார்ந்திருப்பவளுக்கும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே அவர்கள்மேல் நன்றியும்.

மறுநாள் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நானே பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்தார். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் உப்புக்கும் எவ்வளவுக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று போடலாம் என அளவு இருக்கிறது, மாவுச்சத்துக்கு அப்படி ஓர் அளவே வைக்கவில்லை, அதனால் அந்தச் சொல்லையே எடுத்துவிட வேண்டும் என்றார். பின்பக்க அட்டவணையில் உள்ள எண்கள் போதுமாம்.

"ஆனா இது உண்மைதானே மேடம்?" என்று கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தேன்.

"உண்மைதான்மா. தண்ணி பாட்டில்ல 'கொழுப்பு இல்லை'ன்னு எழுதினாலும் உண்மைதான்" என்று சிரித்தார். "மறைச்சு ஸ்டிக்கர் ஒட்டிட்டு விக்க ஆரம்பிங்க. பிடிச்ச பிறகு வர்றவங்கதான் அதிகம், நீங்களா வந்திருக்கீங்க." திட்டு வாங்கத் தயாராகப் போன எனக்கு அவர் உட்கார நாற்காலி காட்டியதே பெரிதாக இருந்தது.

குழுவிடம் சொல்வதுதான் கஷ்டம். "ஓடிகினு கீற வண்டிய நீயே நிறுத்துறியா?" என்றாள் ஒருத்தி. நான் அத்தை கேட்ட கேள்வியையே அவர்களிடம் கேட்டேன். "நம்முதுல மட்டும் ஏன் எழுதணும்?" அம்மா பெருமூச்சு விட்டு, "சரி, கொண்டா" என்று நான் வாங்கி வந்திருந்த ஸ்டிக்கர் கட்டைப் பிரித்தாள். ஆறு பெண்களும் கால் நீட்டி உட்கார்ந்து ஒட்டினார்கள். "படிச்ச கை தப்பு பண்ணா படிக்காத கை ஒட்டணும். இதான் சட்டமா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு மேல் யாரும் என்னைச் சொல்லிக் காட்டவில்லை, இன்றுவரை. சத்தம் போட்டுக் கேட்டுவிட்டு உடனே மறந்துவிடும் அந்தக் குணம் என் படிப்பில் இல்லாத பாடம்.

இரண்டு நாள் கழித்து, வழக்கமாக வாங்கும் கார்க்காரர் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார். "என்னம்மா, இப்ப இது லோ கார்ப் இல்லையா?"

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "நெத்திலின்னாலே அப்டித்தான் சார். எந்த நெத்திலியும். அதோ அங்க குந்திகினு கீறாளே, அவகிட்ட வாங்குனாலும் அதேதான்" என்றாள்.

அவர் நன்றி சொல்லிவிட்டு நேரே அத்தையிடம் போனார். "இன்னா சொன்னேன்னு இப்டி ஓட்றாரு?" என்று அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் அடுத்துக் கேட்டவருக்கும் அதையேதான் சொன்னாள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். எங்கள் விற்பனை கொஞ்சம் இறங்கித்தான் போனது. அம்மாவைப் பற்றி நான் எங்கு பேசினாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

ஒன்றாம் தேதி காலை மேஸ்திரி பைக்கில் வந்து அத்தையின் எதிரே நின்றார். "இன்னாக்கா, கிளம்பலையா? யார்டுல ஆளு எண்றாங்க."

அத்தை தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எதிரே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "நான் வர்ல நைனா. வேற ஆளப் பாத்துக்க."

"சொல்லி வெச்சிகீறேனே உனக்கு!"

"அதான் சொல்றேன்ல, வர்ல. கோச்சிக்காத. நிறுக்கிறப்போ பேச்சு குடுத்தா கணக்கு தப்பிடும், போ."

மேஸ்திரி முணுமுணுத்தபடி பைக்கைத் திருப்பினார். நான் கையில் பாக்கெட்டோடு அப்படியே நின்றிருந்தேன். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி பாத்துகினு நிக்கிறே? கவர் தீந்து போச்சு. எதுவும் எழுதாத கவரா ரெண்டு எடுத்தா."

ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன்.