காப்புக் கட்டி ஓட்டிய சைக்கிள்

எங்கள் மாஸ்டர் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் எங்கள் பெண்கள் சைக்கிள் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவர். காலையில் ஓட்ஸ், பயிற்சி முடிந்த கையோடு முட்டை, இரவில் மீன் என்பார். சொல்லிவிட்டு எதிர்க்கடையில் கொத்து ரொட்டியை ஒரு பிடி பிடிப்பார். நான் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் ரொட்டியும் சம்பலும் தின்று வளர்ந்தவள். ஓட்ஸை வாங்கிப்போய் அம்மாவிடம் காட்டினேன். கோழிக்கா என்று கேட்டாள்.

ஆனாலும் மனுஷர் சொன்னதில் ஒன்று எனக்கு நன்றாகப் புரிந்தது. போட்டிக்கு முந்திய நாட்களில் சோற்றையும் கிழங்கையும் வயிறு நிறையத் தின்ன வேண்டும், மேட்டில் காலுக்கு அதுதான் கைகொடுக்கும். எங்கள் போட்டி பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு, பாதை முக்கால்வாசி மேடுதான். முதல் மூன்று பேருக்குள் வந்தால் மாகாண அணியில் இடம். அந்த இடத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு வெறி.

சோறு தின்ன நான் தயார், போட அம்மா தயாராக இல்லை. நான் ஜெயிக்க வேண்டுமென்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, பூசாரியைக் கூப்பிட்டு எனக்கும் தனக்கும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிவைத்தாள். போட்டி முடியும்வரை ஒருபொழுது விரதம். பகலில் ஒருவேளைச் சோறு, மற்ற நேரம் பாலும் பழமும். முட்டை, மீன் பேச்சே கிடையாது. உடம்புக்குத் தெம்பு வேண்டாமா என்று கத்தினேன்.

"தெம்பக் குடுக்குறதே ஆத்தாதான்டி, பேசாம இரு," என்றாள்.

மீறினால் மாரியம்மனுக்குக் கோபம் வரும். அவளைக்கூடச் சமாளிக்கலாம், என் அம்மாவைச் சமாளிக்க முடியாது. மாஸ்டரிடம் மூச்சு விடவில்லை. செய்தி பரவி, லயத்தில் பாதிப்பேர் எனக்காக விரதம் பிடித்தார்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா, நான் வாழைப்பழத்தைக் கூடுதலாக உரிக்கிறேனா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். குதிரையைப் பட்டினி போட்டுப் பந்தயத்துக்கு அனுப்பிய ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

போட்டியன்று ஹாலிஎல வரைக்கும் பறந்தேன். தெமோதரை தாண்டியதும் கண்ணைக் கட்டியது, கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் ஆகிவிட்டது. டவுன் பிள்ளைகள் பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனார்கள். நான்காவதாகத்தான் வந்து சேர்ந்தேன்.

"காலமை என்ன சாப்பிட்டனீ?" என்று மாஸ்டர் கேட்டார்.

மணிக்கட்டைக் காட்டினேன். மஞ்சள் கயிற்றைப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

எல்லைக்கோட்டுக்கு அப்பால் அம்மா நின்றாள். அத்தனை நாளும் அரை வயிற்றோடு மலையேறிக் கொழுந்து பறித்தவள், முகம் வாடிச் சுருங்கிக் கிடந்தது. நல்லா நாலு வார்த்தை கேட்கத்தான் கிட்டே போனேன், அழுகைதான் வந்தது. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாத. ஒருபொழுது பத்தலடி. அடுத்த வருஷம் ரெண்டு பேரும் முழுப் பட்டினியா இருப்போம்," என்றாள்.