மாமியாருக்கு வாசித்த பிரெஞ்சு நாவல்

கல்யாணமாகி கோபிசெட்டிபாளையம் வந்த புதிதில், கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மாமியாருக்குத் துணையாக என்னை அறையிலேயே உட்காரவைத்திருந்தார்கள். நல்லவளாக இருப்பதற்காகவே ஒரு பெண் ஊரெல்லாம் ஆண்களிடம் வதைபடும் பிரெஞ்சு நாவலின் தமிழாக்கத்தை ஒளித்துப் படித்துக்கொண்டிருந்தேன். தாள் புரளும் சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்ன கண்ணு படிக்கறே? சத்தமாப் படி, நானும் கேக்கறேன்."

எழுந்து போகவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கொடுமை வரும் பக்கங்களைத் தாண்டிவிட்டு, அவளை ஒரு நல்ல குடும்பம் காப்பாற்றியதாக நானே கதை கட்டிச் சொன்னேன்.

"பொய் சொல்லாத அம்மணி. நல்லவளை யாரு நிம்மதியா உட்டாங்க? எழுதியிருக்கறதப் படி."

படித்தேன். நிறுத்தியதும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கதவச் சாத்திப்போட்டு மேல படி. உங்க மாமனாருக்குக் கேக்கப் போகுது."