அக்கரைக்குப் போகும் படகு

சென்னையில் இருக்கும் என் மகனும் அவன் நண்பர்கள் சிலரும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்தார்கள். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இஷ்டப்படி சுற்றித் திரியும் சாகச விளையாட்டு. பார்த்தவுடனே தெரிந்தது, அது நம் தாமிரபரணி. எங்கள் ஊர்க் குறுக்குத்துறை மாதிரியே ஆற்றுக்குள் கல்மண்டபம், கரையில் மருத மரங்கள், மேற்கே மலை. ஊருக்கு வந்திருந்தபோது அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, "விளையாடிப் பாத்துட்டு சொல்லுங்கப்பா" என்றான்.

நான் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். இன்னொன்றோடு வைத்துப் பார்க்காமல் எனக்கு எதிலும் அபிப்பிராயம் வராது. ஊரெல்லாம் ஆடும் அதே வகை விளையாட்டு ஒன்றையும் வாங்கினேன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு பகல்கள் நீண்டுவிட்டன. இரண்டையும் மாறி மாறி ஆடினேன்.

பிரபலமானது பிரம்மாண்டம். கண்ணுக்குத் தெரியும் எந்த மலையிலும் ஏறலாம். வரைபடத்தைத் தொட்டால் நினைத்த இடத்தில் நிற்கலாம். ஆனால் எத்தனை தூரம் குதிரையில் போனாலும், எதிர்ப்பட்டவர்கள் வேலை சொல்லத்தான் வாய் திறந்தார்கள். மகனுடையதில் பாதி மலை வெறும் படம். அக்கரைக்குப் போக ஒரே ஒரு படகு. அது ஆடி அசைந்து போகும். குரல் கொடுக்க ஆள் வைக்க வசதியில்லாமல் படகுக்காரனுக்கு மகனே பேசியிருந்தான். "பைய ஏறுங்க அண்ணாச்சி, வழுக்கும்" என்பான். நடு ஆற்றில், "என்ன, வீட்ல கோவிச்சுக்கிட்டு வந்துட்டியளா?" என்பான். ஒரு வேலையும் இல்லாமல் நான் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

பால் வாங்குகிற இடத்தில், அந்தப் பெரிய விளையாட்டு என் மகன் செய்ததற்கு உறை போடக்கூடக் காணாது என்று பீற்றிக்கொண்டேன். அவனிடம் சொல்லவில்லை. பிள்ளையை எதிரே வைத்துப் புகழ்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. என் அப்பாவும் குறையை என்னிடமும் நிறையை ஊரிடமும்தான் சொன்னார்.

போனில் கேட்டான். "எப்படிப்பா இருக்கு?"

"ஊரெல்லாம் ஆடுதானுவளே, அதையும் வாங்கி ஆடுனேன். அதுல எந்த மலைலயும் ஏறலாம்லா. உன்னுதுல பாதி மலை சுவருல்லா?"

"அது ஒரு பட்டாளமே செஞ்சதுப்பா. நாங்க ஒரு ரூம்ல கெடக்க பயலுவ."

"விளையாடுதவனுக்கு அது எதுக்குலே? பெறகு அந்தப் படகு. அக்கரை போயிச் சேருததுக்குள்ள எனக்கு இன்னொரு வயசு ஆயிரும் போல."

அவன் சிரிக்கவில்லை. "சரிப்பா, பாக்கேன்" என்றான்.

அதன்பின் அவன் கூப்பிடுவது குறைந்தது. சில வாரங்களில் விளையாட்டின் புதிய வடிவம் தானே வந்து இறங்கியது. வழக்கம்போல் படித்துறைக்குப் போனேன். ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். திரை கறுத்துத் தெளிந்தபோது அக்கரையில் நின்றேன். படகும் இல்லை, படகுக்காரனும் இல்லை.

உடனே மகனைக் கூப்பிட்டேன். "ஏலே, படகுக்காரன எங்க?"

"நேரமாகுதுன்னு நீங்கதானப்பா சொன்னிய. கூட இருக்கவனுவளும் வேண்டாம்னுதான் சொன்னானுவ. நாந்தான் பிடிவாதமா வச்சிருந்தேன். நீங்களும் சொன்னதும் எடுத்துட்டேன். இப்ப நல்லாருக்குல்லா?"

"ம். சுருக்கா போயிரலாம்" என்றேன்.

அந்தப் படகில் ஏறத்தான் தினமும் உட்கார்ந்தேன் என்று இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால், எனக்காக மட்டுமாவது அதைத் திரும்ப வைத்துவிடுவான். அது தெரிந்தும் வாய் வரவில்லை.