கறுப்புத் திரையில் பெயர் அழித்தவர்

பிள்ளைகளே, அண்ணாமலை நகரில் ஹால் டிக்கெட் எடுக்கப் போனபோது அந்த டைப்பிங் கடைக்காரரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள், சிரிக்காத முகம். மவுசைத் தொடமாட்டார், கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் கட்டளை எழுதியே வேலையை முடிப்பார். என்டர் தட்டுமுன் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் முகத்தைப் பார்ப்பார்.

எனக்கு முன்னால் நெல்லிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தில் அடித்த புதுமனை புகுவிழாப் பத்திரிகையிலிருந்து மகள் மலரின் பெயரை எடுக்கச் சொன்னார். அவள் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டாளாம்.

கடைக்காரர் ஒரு வரி எழுதிவிட்டுக் கையை எடுத்தார்.

“மாமா, இந்தக் கட்டளைக்கு ஆளு தெரியாது, எழுத்துதான் தெரியும். மலர் பேருல இருக்குற எழுத்து எங்க இருந்தாலும் அழிச்சிடும். உங்க பேருலயும் போவும்.”

“போவட்டும். நீ தட்டு.”

தட்டினார். மலர் போனாள். பெரியவர் பெயரும் அவர் மனைவி பெயரும் பல் விழுந்த வாய்போல ஆகிவிட்டன. ஊர்ப் பெயர்கூட விளங்கவில்லை.

“பழசு அப்படியே பத்திரமா இருக்கு மாமா. அதயே பிரிண்ட் போடட்டுமா?” என்று கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

பெரியவர் திரையில் விரலை வைத்தார்.

“இதயே போடு,” என்றார்.

பிரிண்டர் ஓடியது. ஒரு பெயரை மட்டும் எடுக்கவும் வழி உண்டு; அது கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. பெரியவர் மனசு மாறட்டும் என்றுதான் இப்படிச் செய்தார் என நினைக்கிறேன். ஆனால் யாருமே இல்லாத அந்தப் பத்திரிகையைக் கடைக்காரரே எடுத்து நீட்ட வேண்டியதாயிற்று. அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.