ஆமாஞ்சாமியின் கழுத்துப் பட்டை

எங்கள் கடையில் விட்டத்தைப் பார்க்கத்தான் சம்பளம். விற்பது மின்விசிறியும் தொங்கும் விளக்கும். சரக்கு முழுவதும் தலைக்கு மேலே. வாடிக்கையாளர் அண்ணாந்து, "அந்தப் பழுப்பு கலர், அதுக்குப் பக்கத்துல இருக்கறதைப் போடுங்க" என்பார். விற்பனையாளரும் அண்ணாந்து பார்த்து, எது என்று கண்டுபிடித்து, சுவரில் சரியான சுவிட்சைத் தட்ட வேண்டும். இந்த வேலையில் எங்கள் கடையிலேயே மூத்தவர் ஆமாஞ்சாமி.

இது அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதால் கடை வைத்த பெயர். முதலாளி திட்டினால் தலையாட்டுவார். முதலாளி சொன்னது தப்பு என்று நாங்கள் முணுமுணுத்தால் அதற்கும் அதே ஆட்டம்தான். விலையைக் குறைக்கச் சொன்னால், வாய் "கட்டுப்படியாகாதுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் தலை சம்மதித்துவிடும். அப்புறம் பில் போடும் மேசையில் இருக்கும் என்னிடம் வந்து, "அவர்தான் சரின்னாரே" என்று மல்லுக்கு நிற்பார்கள்.

அந்தத் தலை ஒரு நாள் வசமாக மாட்டிக்கொண்டது. அவர் வீட்டில் தெருவைப் பார்த்த முன்னறை ஒன்று சும்மா கிடந்தது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா வேலை பார்த்த மழலையர் பள்ளியை இழுத்து மூடிவிட்டார்கள். "முன்ரூம்ல நாலஞ்சு குழந்தைங்களை வச்சுப் பார்த்துக்கட்டுமா? வேலைக்குப் போற அம்மாங்க கேக்கறாங்க" என்று அக்கா கேட்டாள். தலையாட்டினார். கேட்ட அம்மாக்களில் நானும் ஒருத்தி. என் மகளை அதுவரை பில் மேசைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் உட்கார வைத்துத்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரம் அவருடைய அண்ணன் வந்தார். அப்பா போன பிறகு இவரை வளர்த்து ஆளாக்கி, இந்த வேலையையும் வாங்கிக்கொடுத்தவர். பிளாஸ்டிக் குழாய் வியாபாரம். "கிடங்குல இடம் பத்தலைடா. உன் முன்ரூம் சும்மாதானே கிடக்கு, கொஞ்ச நாளைக்குச் சரக்கைப் போட்டுக்கறேன்." அதற்கும் தலையாட்டினார். அக்கா குட்டி நாற்காலிகளை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினாள். அண்ணன் அளவெடுக்க ஆள் அனுப்பினார். டேப்பும் கையுமாக வாசலில் வந்து நின்றவன் சொல்லித்தான் அக்காவுக்கு விஷயமே தெரிந்தது.

"ரெண்டு பேருக்கும் சரின்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள். அதற்கும் அவர் தலையைத்தான் ஆட்டினார்.

மறுநாள் காலை படுக்கையில் வலப்பக்கம் புரண்டதும் வீடு சுற்ற ஆரம்பித்தது. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "பிடி, பிடி, விழறேன்" என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. எழுந்து வாந்தி எடுத்தார். மறுபடி படுத்து வலப்பக்கம் திரும்பினால் மறுபடி சுற்று. அக்கா படுப்பதும் வலப்பக்கம்தான்.

"என் பக்கம் திரும்பினா மட்டும் தலை சுத்துதாக்கும்?" என்றாள். அறை விஷயத்தில் தப்பிக்க நாடகம் ஆடுகிறார் என்று நினைத்துவிட்டாள். அவர் முகம் வெளிறிப்போயிருந்ததைப் பார்த்த பிறகுதான் பயந்தாள்.

கடைக்கு வந்தவர் முதல் வாடிக்கையாளருக்காக அண்ணாந்தார். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். மேலே அத்தனை விசிறிகள் தொங்கின, ஒன்றுகூட ஓடவில்லை. முதலாளி பித்தம் என்றார். வாட்ச்மேன் தூக்கம் போதவில்லை என்றார். மருத்துவர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார். இரண்டும் ஒழுங்காக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கண் மருத்துவர் கண்ணாடியை மாற்றிக்கொடுத்தார். அதைப் போட்டபின் வீடு சுற்றுவது துல்லியமாகத் தெரிந்தது. கடைசியாகப் போன எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, தலையை அசைக்கவே கூடாது என்று சொல்லி, தடிமனான ஒரு பட்டையைக் கழுத்தில் கட்டி அனுப்பினார். அந்தத் தலை ஆடிய ஆட்டத்துக்கு எலும்பு தேயாமல் என்ன செய்யும் என்று நாங்களும் நம்பினோம்.

தலைச்சுற்று போகவில்லை. ஆனால் தலை ஆடுவது நின்றது. வேடிக்கை அதற்குப் பிறகுதான்.

வாடிக்கையாளர் ஒருவர் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்டார். ஆமாஞ்சாமி நிமிர்ந்து நின்று அவரையே பார்த்தார். கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். அதே பார்வை. கடைசியில், "சரி சார், உங்க விலைக்கே போடுங்க" என்று என்னிடம் வந்தார். மேலே பார்க்க முடியாததால் ஞாபகத்தை வைத்தே சுவிட்சைத் தட்டினார். பார்க்காமலே போடுகிறாரே, எவ்வளவு அனுபவம் என்று ஜனங்கள் அசந்துபோனார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்ன முதலாளி, தலை ஆடாததைப் பார்த்துவிட்டு, "சரி, முடியலைன்னா விடுங்க" என்றார். 'வாய்யா' என்பது 'வாங்க' ஆகிவிட்டது. ஆமாஞ்சாமிக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றும் கடையில் பேசிக்கொண்டார்கள். பாவம், அவருக்கு வந்திருந்தது கிறுகிறுப்பு மட்டும்தான்.

வீட்டில் நடந்ததை அக்காதான் சொன்னாள். முன்பெல்லாம் அவள் எதைச் சொன்னாலும் அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தலையாட்டுவார். பட்டை கட்டிய பிறகு பதில் வேண்டுமென்றால் வாயைத் திறந்தாக வேண்டும். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாள். "பார்த்தேன். நாளைக்கு ஆளை வரச் சொல்றேன்" என்று பதில் வந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாளாம், பேசினது இவர்தானா என்று. இன்னொரு நாள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அவராகவே சொன்னார்: "மூளையில ஏதாவது கட்டி இருக்குமோன்னு பயமா இருக்கு. உன்கிட்ட சொன்னா நீயும் பயப்படுவியேன்னு சொல்லலை."

"கல்யாணம் ஆனதுல இருந்து அவர் தலைகிட்டயே பேசிட்டு இருந்திருக்கேன்" என்று அக்கா என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள், கண் கலங்கியிருந்தது.

அண்ணன் ஒரு நாள் பார்க்க வந்தார். உடம்பை விசாரித்துவிட்டு, "சரக்கை இறக்கிடலாமா?" என்றார். தம்பி பட்டைக்கு மேலிருந்து நேராகப் பார்த்தார். அண்ணன் இதுவரை பார்த்திராத பார்வை. தலையும் அசையவில்லை, வாயும் அசையவில்லை. "சரி, இப்ப வேண்டாம். தலை சுத்தறது நின்னதும் சொல்லு, வர்றேன்" என்று எழுந்து போய்விட்டார்.

ஆக, தலை சுற்றும் வரை அறை அக்காவுக்கு, நின்றுவிட்டால் அண்ணனுக்கு. என் மகளை நினைத்து நான் அக்காவிடம் விளையாட்டாக, "கொஞ்ச நாள் சுத்தட்டுமே" என்றேன். முறைத்தாள். "அவர் குளிக்கப் போனா தாழ்ப்பாள் போட விடாம வெளியவே நிக்கறேன். தெருவுல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறார். எனக்கு ரூமா பெரிசு?" என்றாள்.

சரியான இடத்தைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். குழந்தையைக் கொண்டுவந்து விடக் கேட்டிருந்த இன்னொரு அம்மா காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் நர்ஸ். "புரண்டு படுத்தா மட்டும் சுத்துதா? உடனே கூட்டிட்டு வாங்க" என்றாள். கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள நானும் போனேன். அந்தப் பெண் மருத்துவர் முதலில் பட்டையைக் கழற்றினார். தலையை வலப்பக்கம் திருப்பி, மேசையின் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி சட்டென்று படுக்க வைத்தார். ஆமாஞ்சாமி அலறினார். மருத்துவர் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவிழி துள்ளித் துள்ளி அடங்கியது.

"காதுக்குள்ள பொடிப்பொடியா கல்லு மாதிரி இருக்கும். அது இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகர்ந்திருக்கு. அவ்வளவுதான்."

"மூளையில எதுவும்..." என்று அக்கா இழுத்தாள்.

"மூளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா."

தலையை இடப்பக்கம் திருப்பினார், கொஞ்சம் பொறுத்து உடம்போடு சேர்த்து ஒருக்களித்துப் புரட்டினார், பிறகு எழுப்பி உட்கார வைத்தார். எதனால் வந்தது என்று கேட்டோம். பல பேருக்கு எதனால் என்றே தெரியாது, திரும்ப வந்தால் திரும்ப வாருங்கள் என்றார். பிறகு பட்டையைப் பார்த்தார். "இதை யார் மாட்டிவிட்டது? தூக்கிப் போடுங்க. தலையைத் தாராளமா ஆட்டலாம்."

ஆமாஞ்சாமி உடனே ஆட்டினார். நர்ஸுக்கு, வாசலில் இருந்த காவலாளிக்கு, பேருந்தில் தெரியாமல் காலை மிதித்தவருக்கு என்று வழியெல்லாம் ஆட்டிக்கொண்டே வந்தார். அக்கா பட்டையைத் தூக்கிப் போடவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் கடையில் முதல் வாடிக்கையாளருக்கே பாதி விலைக்குத் தலையாட்டினார். முதலாளி, "யோவ், இங்க வாய்யா!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் மகளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையில் குட்டி நாற்காலிகள் வெளியே வந்திருந்தன. அவள் ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றில் பொம்மையை உட்கார வைத்திருந்தாள். அப்போது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பின்கதவுக்கு வெளியே குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் இறங்கினார்.

"தலை நின்னுடுச்சாமே! இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சுடா. சரக்கை இறக்கிடலாமா?"

ஆமாஞ்சாமியின் தலை கீழே போய் மேலே வந்தது. நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். உள்ளே போனாள். பட்டையோடு திரும்பி வந்தாள். அவர் கழுத்தில் சுற்றி, சர்ரென்று இழுத்து ஒட்டினாள்.

"டாக்டர் இவரைத் தலையை ஆட்டவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அத்தான். எதுவா இருந்தாலும் இனிமே வாயாலதான் சொல்லுவார்."

மருத்துவர் சொன்னதை என் காதால் கேட்டவள் நான். வாயைத் திறக்கவில்லை.

"அப்படியா? சரி, சொல்லுடா" என்றார் அண்ணன்.

ஆமாஞ்சாமி எச்சில் விழுங்கினார். பட்டை ஏறி இறங்கியது. வண்டிக்காரன் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தான். என் மகள் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் அண்ணனை நேராகப் பார்த்தார். வேறு எங்கும் பார்க்க அந்தப் பட்டை விடவில்லை.

"இந்த ரூம் அவளுக்குண்ணே. அவதான் முதல்ல கேட்டா. உங்களுக்கும் நான் தலையாட்டினது தப்பு."

அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலிகளைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார்.

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கக்கூடாதாடா? கிடங்குக்குப் பக்கத்துலயே ஒரு ஷெட் தர்றேன்னாங்க. நீ தலையாட்டினதை நம்பி வேண்டாம்னுட்டேன். சின்ன வயசுல இருந்து நீ ஆட்டற ஒவ்வொரு ஆட்டத்தையும் நிஜம்னு நம்பித்தானேடா எல்லாம் செஞ்சேன்." வண்டிக்காரனிடம், "கட்டுப்பா, திரும்பிப் போவோம்" என்றார்.

வண்டி தெரு முனை திரும்பும் வரை ஆமாஞ்சாமி வாசலிலேயே நின்றார். அக்கா பக்கத்தில் வந்து பட்டையின் ஓரத்தைப் பிடித்தாள்.

"போயிட்டார். கழட்டிடட்டுமா?"

அவர் தலை பழக்கத்தில் அசையப் பார்த்தது. பட்டை தடுத்தது.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார்.