ஹார்ட் டிஸ்க்கில் இருந்த காந்தம்

கோவில்பத்து வீட்டில் நானே திராட்சை ஒயின் போட்டுப் பார்த்தேன். மூன்று முறை கெட்டுப்போனது. ஈஸ்ட்டைத் தனியாக வளர்த்துச் சேர்த்தால் சரியாக வரும் என்று படித்தேன். சர்க்கரைத் தண்ணீரில் கொஞ்சம் ஈஸ்ட்டைப் போட்டு ஒரு நாள் முழுக்க நிற்காமல் கலக்கினால் அது பல மடங்கு பெருகுமாம். கலக்கும் கருவியை வீட்டிலேயே செய்யலாம். கம்ப்யூட்டர் விசிறியில் காந்தத்தை ஒட்டி, அதன்மேல் கண்ணாடிக் குடுவையை வைக்க வேண்டும். குடுவைக்குள் போடும் காந்தத் துண்டு கூடவே சுற்றும்.

பரணில் ஓடாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. விசிறி அதில் இருந்தது. பலமான காந்தம் ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும். மனைவி குரும்பகரத்தில் அவள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, அதைத் திறந்து, உள்ளிருந்த வட்டத் தட்டுகளை நெம்பிக் காந்தத்தை எடுத்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தவள் குடுவையைக் குனிந்து பார்த்தாள். "ஆத்துச் சுழி மாதிரி சுத்துதுங்க!" அந்தத் தடவை ஒயின் நன்றாக வந்தது.

இரண்டு மாதம் கழித்து, மாமனாரின் முதல் திதி நெருங்கியபோது அவள் கேட்டாள்:

"நாம இங்க குடிவந்தன்னைக்கு அப்பா பேசுனத வீடியோ எடுத்தோம்ல? அந்தப் பழைய கம்ப்யூட்டர்லதான் இருக்கு. கடையில குடுத்து எடுத்துத் தாங்களேன். அம்மா பாக்கணுங்கிறாங்க."

"பாக்குறேன்" என்றேன். வீடியோ பதிந்திருந்தது நான் நெம்பியெடுத்த அந்தத் தட்டுகளில்தான்.

மறுநாள் தட்டுகளை ஒரு கவரில் போட்டு, காரைக்கால் டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பூரா கீறிப்போச்சு சார். தொறக்காம கொண்டாந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான்கு நாள், "கடையில இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தொறக்குறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேக்கலாம்ல?" பிறகு, "சரி, அது தெரியாம நடந்தது. நாலு நாளா கடையில இருக்குன்னீங்களே, அது?"

தட்டுகள் இருந்த கவரை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

திதியன்று அத்தை வீடியோவைக் கேட்டபோது, நான் வாய் திறக்குமுன் மனைவியே முந்திக்கொண்டாள்: "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சும்மா." என் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

மாமா அன்றைக்கு என்ன பேசினார் என்பதில் எங்களுக்குள் இப்போதும் ஒத்துப்போவதில்லை. வீட்டில் நல்ல காற்று வருகிறது என்று சொன்னதாக எனக்கு நினைவு. மாடிப்படிக்குக் கைப்பிடி போடச் சொன்னதாக அவள் சொல்கிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.