சிறுமலை இறக்கமும் நிறைந்த பேட்டரியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். எட்டாவது வரை படித்த நான் பேட்டரியைப் பற்றி எழுதினால் யார் நம்புவார்கள் என்று ஒரு தயக்கம். சாமியைச் சேர்த்து எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்கள், சாமியை விட்டுவிட்டு எழுத என் மனசு ஒப்பவில்லை. ஆனால் இந்தச் சம்பவத்தை ஊருக்குள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அதனால் முருகனை வேண்டிக்கொண்டு, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

1. ஓட்டை இல்லாத பேட்டரி

திண்டுக்கல்லில் நானும் என் வீட்டுக்காரரும் பேட்டரி கடை வைத்திருக்கிறோம். டிராக்டர், லாரி, வீட்டு இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் பார்ப்போம். மூடியைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது, ஆசிட் அளவு பார்ப்பது, சார்ஜில் போடுவது, இதுதான் வேலை. ஆசிட் தெறித்து ஓட்டை விழாத சேலை என்னிடம் குறைவு.

எலக்ட்ரிக் பைக் கம்பெனி ஒன்று எங்கள் கடையை சர்வீஸ் பாயிண்டாக எடுத்தபோது, டிரெய்னிங்குக்குப் போக என் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்.

"தண்ணி ஊத்த ஒரு ஓட்ட இல்ல. அதெல்லாம் ஒரு பேட்டரியாடி? நீ வேணா போயி பாத்துட்டு வா" என்றார்.

நான் போனேன். அங்கே ஒரு இன்ஜினியர் பெண், லித்தியம் பேட்டரி ஒன்றைப் பிரித்துக் காட்டியது. உள்ளே செல்கள் ஒரே அளவாக வரிசை கட்டி நின்றன. ஆசிட் இல்லை, நாற்றம் இல்லை, சத்தம் இல்லை. ஒவ்வொரு செல்லிலிருந்தும் மெல்லிய ஒயர் போய் ஒரு சின்ன போர்டில் சேர்ந்தது. அதற்கு பி.எம்.எஸ். என்று பேர். எது சூடாகிறது, எது சோர்ந்திருக்கிறது, எது நிறைந்துவிட்டது என்று அது நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்குமாம். பெற்ற பிள்ளைகளைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

2. கருப்பையாவின் வண்டி

எங்கள் மூலமாக முதல் வண்டி வாங்கியவர்களில் சிறுமலைக் கருப்பையாவும் ஒருவர். மலை வாழைத் தார்களைக் கட்டிக்கொண்டு தினமும் டவுன் மார்க்கெட்டுக்கு இறங்குகிறவர். பழைய பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டுத்தான் இதை வாங்கினார். பூஜை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து எடுத்தார்கள். அவர் மனைவி ராசாத்தி, டிஸ்ப்ளேயின் ஓரத்தில் ஒரு முருகன் ஸ்டிக்கரை ஒட்டினார்.

ஒரு மாசம் போல அவருக்கு ஒரே சந்தோஷம். "யக்கா, ஏறும்போது குடிச்சதுல கொஞ்சத்த எறங்கும்போது திருப்பிக் குடுத்துருது!" என்பார். உண்மைதான். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். அப்படிப் பிடிக்கும்போது கரண்ட் உண்டாகி பேட்டரிக்குள் போகும். இதை ரீஜென் என்போம். பெட்ரோல் வண்டியைக் கியரில் போட்டு இறக்குவார்களே, இந்த வண்டியில் கியர் கிடையாது, ரீஜென்தான் அந்த வேலையைச் செய்கிறது.

ஒருநாள் காலையில் அந்த வண்டி ஒரு லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. பிரேக் கருகின வாடை கடைக்குள் வரை அடித்தது. பின்னால் உட்கார்ந்து வந்த ராசாத்திக்கு முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"பிடிக்கவே இல்லக்கா" என்றார் கருப்பையா. "மொத வளைவுலருந்தே சும்மா உருண்டுக்கிட்டே போகுது. பிரேக்கையே அமுக்கி அமுக்கி, கடைசில அதுவும் கேக்கல. மலை ஓரத்து மண்ணுல கொண்டுபோயி சாச்சுட்டேன். அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா பள்ளம்."

ராசாத்தி சாவியை என் மேஜையில் வைத்தார். "இனிமே இவுக இதுல ஏறக் கூடாது. வாழத்தாரு அழுகுனாலும் பரவால்ல."

"பெட்ரோல் வண்டிய வித்தியே அப்பு, அன்னைக்கே சொன்னேன்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"செத்த நேரம் சும்மா இருங்க" என்றேன்.

3. மலைக்கு மேலே

பிரேக் பேடும் ஆயிலும் மாற்றினோம். மோட்டாரில் குறையில்லை. டவுனுக்குள் ஓட்டிப் பார்த்தால் ரீஜென் நன்றாகவே பிடிக்கிறது. குறை தெரியாத வண்டியைக் கொடுத்து அனுப்பினால், அடுத்த தடவை பள்ளம்தான். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் விளக்கேற்றிவிட்டுக் கருப்பையாவுக்குப் போன் பண்ணினேன். "வாங்க, லோடு இல்லாம மெதுவா ஏறிப் பாப்போம். பின்னால நான் உக்காந்து வாரேன்" என்றேன்.

மலை ஏறி அவர் வீட்டுக்குப் போனோம். ராசாத்தி டீ கொடுத்தார். சாமி படத்துக்குக் கீழே, சுவரில் சார்ஜர் தொங்கியது.

"வீட்டுலயா சார்ஜ் போடுறீக?"

"எப்பவும் மார்க்கெட்டுலதான்க்கா. அந்தச் சம்பவத்துக்கு மொத நாளுதான் வீட்டுல பிளக் பாயிண்டு வச்சோம். ராத்திரி பூரா போட்டேன். காலைல நூறு காட்டுச்சு. நெறஞ்ச வண்டியாச்சேன்னு ஆசையா எறங்குனோம்."

இன்ஜினியர் பெண்ணுக்குப் போன் போட்டேன். "நூறுல இறக்கினாங்களா? ஃபுல்லா இருக்கிற பேட்டரி எங்கக்கா கரண்ட வாங்கும்? செல் கெட்டுரும்னு பி.எம்.எஸ். ரீஜென்ன கட் பண்ணிரும். டிஸ்ப்ளே ஓரத்துல மஞ்ச லைட் எரிஞ்சிருக்குமே, பாக்கலையா?" என்றது.

மூன்று பேரும் வண்டியிடம் போய் நின்றோம். டிஸ்ப்ளே ஓரத்தில் முருகன் இருந்தார்.

"நீங்களே எடுங்கக்கா, எனக்குக் கை வராது" என்றார் ராசாத்தி. நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஈரத்துணி வைத்து மெதுவாக உரித்து, சீட்டுக்கு முன்னால் பேட்டரியை மூடியிருக்கும் கவரின் மேல் ஒட்டினேன். பிற்பாடு கடையில் நூறு வரை ஏற்றிப் பார்த்தபோது, அவர் இருந்த இடத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

அன்றைக்கு ஏறி முடித்தபோது சார்ஜ் அறுபத்திரண்டு இருந்தது. "எறங்கட்டுமாக்கா?" என்று கருப்பையா கேட்டார். ராசாத்தி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் "முருகா" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் வளைவில் ஆக்சிலேட்டரை விட்டார். யாரோ பின்னாலிருந்து தாங்கிப் பிடித்த மாதிரி வண்டி அடங்கியது. அடுத்த வளைவிலும் பிடித்தது. அறுபத்துமூன்று ஆனது. பாதி மலையில் அறுபத்துநான்கு. இறக்கத்தின் வேகம் எல்லாம் எங்களைத் தள்ளிவிடாமல், கண்ணுக்குத் தெரியாமல், எனக்கு முன்னால் இருந்த அந்தப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. இத்தனை காலம் பேட்டரியோடு வாழ்ந்தவள், அன்றைக்குத்தான் பேட்டரியைப் பார்த்தேன் என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடிவாரத்தில் அறுபத்தேழு. கருப்பையா போனை எடுத்தார். "ராசாத்தி, பத்தரமா எறங்கியாச்சு. முருகன் அஞ்சு பாயிண்டு போட்டுவிட்டுருக்காரு!"

போன் ஸ்பீக்கரில், "நாளைக்குத் தாரு வெட்டலாமான்னு அக்காகிட்ட கேளுங்க" என்றார் ராசாத்தி.

4. நான் கற்றது

மலை மேல் இருக்கிறவர்கள் இறங்கப்போகும்போது பேட்டரியை நிரப்பாதீர்கள். கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். முழுச் சார்ஜை டவுனில் போடுங்கள். டிஸ்ப்ளேயில் எதையும் ஒட்டாதீர்கள். கோயிலில் நிற்கும்போது, நிறைந்த பேட்டரி எதையும் வாங்காது என்பது எனக்கு ஞாபகம் வரும். அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

பேட்டரி வெடித்தது என்கிறார்கள், வெடிக்கவில்லை. சாமி குத்தம் என்கிறார்கள், குத்தம் எதுவும் இல்லை. முருகனே நேரில் வந்து வண்டியைப் பிடித்தார் என்றும் சொல்கிறார்கள். பிடித்தது ரீஜென். அதைக் கண்டுபிடிக்கும் புத்தியை மனுஷனுக்கு யார் கொடுத்தார் என்று கேட்டால், என் பதில் எனக்குத் தெரியும். மலை ஏறி இறங்குகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மஞ்சள் விளக்கையும் விட்டுவிடாதீர்கள், முருகனையும் விட்டுவிடாதீர்கள்.